உள்ளூர்க்காரருக்கு 150 வெள்ளி, வெளியூர்க்காரருக்கு இலவசம்! சிங்கப்பூர் கேசினோ பணம் யாருக்குப் போகிறது?

சிங்கப்பூரில் மொத்தமே 2 கேசினோக்கள்தான். ஒன்று மெரினா பே சாண்ட்ஸ். இன்னொன்று செந்தோசா தீவில் உள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்டு. இந்த இரண்டு இடத்திலும் வாசலில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். அந்த ஊர்க் குடிமகனும், நிரந்தரவாசியும் உள்ளே காலை வைக்கவே 150 வெள்ளி கட்ட வேண்டும். நம்ம ஊர்ப் பணத்தில் 9 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆனால் வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு ஒரு காசு கொடுக்காமல் உள்ளே போகலாம்.

சுற்றுலா வந்த பணக்காரருக்கு மட்டும் இந்தச் சலுகை என்று நினைக்க வேண்டாம். கட்டுமான வேலைக்கும், கப்பல் பட்டறை வேலைக்கும் போன புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரத்துத் தொழிலாளியும் சட்டப்படி வெளிநாட்டுக்காரர்தான். அவருக்கும் வாசல் இலவசமாகவே திறந்திருக்கிறது.

யார் போட்ட சட்டம் இது? அங்கே புரளும் கோடிக்கணக்கான பணம் யார் பைக்குப் போகிறது? இதையெல்லாம் கண்காணிப்பது யார்? இதுகுறித்த விவரம் வருமாறு:-

200 ஆண்டுகளுக்கு முந்தைய சண்டை

சூதாட்டத்தை விட்டு வருமானம் பார்ப்பதா, வேண்டாமா என்ற சண்டை சிங்கப்பூரில் இன்று நேற்று வந்தது அல்ல. 1819-ல் ராபிள்ஸ் அங்கே ஆங்கிலேயர் துறைமுகத்தைத் தொடங்கினார். வரியில்லாத் துறைமுகம் என்பதால் சுங்க வரி கிடையாது. அப்படியானால் ஊரை நடத்தப் பணம்? பொறுப்பில் இருந்த பர்குவார், சூதாட்டக் கூடங்களை ஏலத்தில் விட்டு வருமானம் பார்த்தார். திரும்பி வந்த ராபிள்சுக்குக் கோபம். 1823-ல் சூதாட்டத்துக்குத் தடை போட்டார்.

சிங்கப்பூர் தனி நாடான பிறகும் கள்ள லாட்டரி ஓயவில்லை. 'தடுக்க முடியாததை நாமே நடத்துவோம்' என்று 1968-ல் அரசே சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. லாட்டரியில் வந்த பணம் 1973-ல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டு அரங்கம் கட்டப் பயன்பட்டது. 'சூதாட்டப் பணம் ஊர் நன்மைக்கு' என்ற கணக்கு அங்கே அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

ஆனாலும் கேசினோ மட்டும் வேண்டவே வேண்டாம் என்பதில் முதல் பிரதமர் லீ குவான் யூ பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார்.

மகன் மாற்றிய முடிவு

2004-ல் மீண்டும் பேச்சு கிளம்பியது. பக்கத்து நாடுகள் சுற்றுலாப் பயணிகளை இழுத்துக்கொண்டிருந்த நேரம். சிங்கப்பூர் பின்தங்கிவிடுமோ என்ற கவலை அரசுக்கு. தேவாலயங்கள், முஸ்லிம் அமைப்புகள், குடும்பத் தலைவிகள் எனப் பலரும் எதிர்த்தனர். பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தனர்.

இந்த நிலையில் 2005 ஏப்ரல் 18-ந்தேதி பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் முடிவை அறிவித்தார். 2 கேசினோக்களுக்கு அனுமதி. தந்தை வேண்டாம் என்றதை மகன் கொண்டுவந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் வெறும் சூதாட்டக் கூடமாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். ஓட்டல், மாநாட்டு அரங்கம், கடைத்தெரு, கேளிக்கைப் பூங்கா எல்லாம் சேர்ந்த பெரிய வளாகம் வேண்டும். கேசினோ அதில் ஒரு மூலைதான். அதற்கும் 15 ஆயிரம் சதுர மீட்டர் என்று அளவு கட்டினார்கள். சூதாட்ட எந்திரங்கள் ஒரு இடத்துக்கு 2,500-க்கு மேல் கூடாது என்று சொன்னார்கள்.

மெரினா பே இடம் 2006 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நிலத்துக்கு மட்டும் 120 கோடி வெள்ளி. செந்தோசா இடம் அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவின் கெந்திங் குழுமத்துக்குப் போனது. அந்த நிலத்தின் விலை 60 கோடியே 50 லட்சம் வெள்ளி. இரண்டுமே 60 ஆண்டுக் குத்தகைதான். நிலம் அரசுக்கே சொந்தம்.

முதலில் சட்டம், அப்புறம் ஆணையம், கடைசியில் கேசினோ

இங்கேதான் சிங்கப்பூர் கெட்டிக்காரத்தனம் காட்டியது. பல ஊர்களில் கூடம் முதலில் வரும். பிரச்சினை வெடித்த பிறகு சட்டம் வரும். சிங்கப்பூரில் தலைகீழ். கட்டடம் எழும்பும் முன்பே, 2006 பிப்ரவரியில் கேசினோ கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 2008 ஏப்ரல் 2-ந்தேதி உள்துறையின் கீழ் கேசினோ ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. அதற்கு 2 ஆண்டு கழித்துத்தான் கதவு திறந்தது. 2010 பிப்ரவரி 14-ந்தேதி செந்தோசா கேசினோவும், ஏப்ரல் 27-ந்தேதி மெரினா பே கேசினோவும் திறக்கப்பட்டன.

லைசென்சு கொடுப்பது, புதுப்பிப்பது, மீறினால் அபராதம் போடுவது எல்லாம் ஆணையத்தின் கையில். முதலாளி யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கறுப்புப் பணம் கலக்கிறதா என்று பார்ப்பதும் இவர்கள் வேலை. சீட்டுப் போடும் ஊழியர் வரை தனி லைசென்சு வாங்க வேண்டும்.

சட்டம் சொல்லும் முக்கியக் கட்டுப்பாடுகள்:

* 21 வயது ஆகாதவருக்கு அனுமதி இல்லை.

* கேசினோவுக்குள் ஏ.டி.எம். வைக்கக் கூடாது.

* சாதாரண உள்ளூர்க்காரருக்குக் கடன் கொடுத்து ஆட வைக்கக் கூடாது.

* உள்ளூர் மக்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது.

* தடைப் பட்டியலில் உள்ளவர் திருட்டுத்தனமாக உள்ளே போய் ஜெயித்தாலும் அந்தப் பணம் பறிமுதல்.

இலவச பஸ் விவகாரம்

சட்டம் எழுதியவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க முடியாது. திறந்த சில மாதத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. செந்தோசா வளாகத்துக்கு மக்கள் குடியிருப்புகளில் இருந்து இலவச பஸ் ஓடியது. வீட்டு வாசலில் பஸ் வந்து நின்றால் ஏழைபாழைகளும் ஏறிவிட மாட்டார்களா? 2010 அக்டோபரில் ஆணையம் தலையிட்டது. அந்த பஸ்கள் நிறுத்தப்பட்டன.

இப்படி நேரில் கண்ட ஓட்டைகள்தான் பின்னால் சட்டத் திருத்தமாக மாறின. 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் ஒரு தவறுக்கு அபராதம் அதிகபட்சம் 10 லட்சம் வெள்ளி. கோடிகளில் புரளும் கேசினோவுக்கு அது கொசுக்கடி. திருத்தத்துக்குப் பிறகு, பெரிய தவறு என்றால் கேசினோவின் ஆண்டுச் சூதாட்ட வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம்!

மாதத்துக்கு இத்தனை முறைதான் வரலாம் என்று ஒருவருக்கு வரம்பு கட்டும் முறையும் அப்போது வந்தது. முழுத் தடை தேவைப்படாத, ஆனால் கையைச் சுட்டுக்கொள்ளும் நிலையில் உள்ளவர்களுக்காக இந்த ஏற்பாடு.

சுற்றுலாவுக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பார்க்கத் தனிக் குழுவும் அமைக்கப்பட்டது. இந்தக் குழுவின் பல் எவ்வளவு கூர்மை என்பது 2024-ல் தெரிந்தது. வழக்கமாக 3 ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படும் லைசென்சு, ரிசார்ட்ஸ் வேர்ல்டுக்கு 2025 பிப்ரவரி முதல் 2 ஆண்டுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. 2021 முதல் 2023 வரை சுற்றுலா விஷயத்தில் செயல்பாடு திருப்தி இல்லை என்று குழு சொன்னதே காரணம். அதே நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் விவரங்களைச் சரியாகச் சோதிக்காததற்காக 2023-ல் 22½ லட்சம் வெள்ளி அபராதமும் விழுந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

பங்கு பிரிப்பதைப் புரிந்துகொள்ள, முதலில் கேசினோவுக்குப் பணம் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். சுழலும் சக்கரத்தில் குண்டு உருட்டும் ரூலெட் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். உங்கள் எண் விழுந்தால் கட்டிய பணத்தோடு 35 மடங்கு கிடைக்கும்.

37 பேர் ஆளுக்கு ஒரு எண்ணில் 100 வெள்ளி வைத்தால் மொத்தம் 3,700. ஜெயித்தவர் கைக்குப் போவது 3,600. மிச்சம் 100 வெள்ளி மேசைக்கு. யார் ஜெயித்தாலும் மேசைக்கு அந்த 100 நிச்சயம். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆட்டத்தின் கணக்கே அப்படி. ஒரு நாள் ஜெயிக்கலாம். ஆனால் நாள் போகப் போக மேசைதான் ஜெயிக்கும்.

இப்படி ஆடியவர்கள் கட்டிய பணத்தில், ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் கேசினோவின் சூதாட்ட வருமானம். அரசு வரி போடுவது இதன் மேல்தான். சுருக்கமாகச் சொன்னால், வரி என்பது தோற்றவர் பணத்தில் அரசின் பங்கு.

அரசுக்கு எத்தனை பங்கு?

சிங்கப்பூர் ஆடுபவர்களை 2 ரகமாகப் பிரிக்கிறது. கணக்கில் குறைந்தது 1 லட்சம் வெள்ளி போட்டுவிட்டு ஆட உட்காரும் பெரும் பணக்காரர் ஒரு ரகம். மற்ற எல்லோரும் இன்னொரு ரகம்.

முதலில் பணக்காரர் ஆட்டத்துக்கு 5 சதவீதம், மற்றவர் ஆட்டத்துக்கு 15 சதவீதம் என்று வரி இருந்தது. 'பணக்காரனுக்கு கம்மி, ஏழைக்கு ஜாஸ்தியா?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த வரியைக் கட்டுவது ஆடுபவர் அல்ல, கேசினோதான். பெரும் பணக்காரர் எந்த நாட்டுக்கும் விமானம் ஏறிப் போய் ஆடுவார். அவரை இழுக்க நாடுகளுக்குள் போட்டி. அதனால் அந்த ஆட்டத்துக்கு வரி குறைவு. சாதாரண ஆளை வைத்துப் பிழைப்பு நடத்தினால் அரசுக்கு அதிகமாகக் கட்டு என்பதுதான் கணக்கு.

2022 மார்ச் 1-ந்தேதி முதல் இந்த வரி உயர்ந்தது. விவரம்:

* பணக்காரர் ஆட்டம்: ஆண்டுக்கு முதல் 240 கோடி வெள்ளி வருமானம் வரை 8 சதவீதம். அதற்கு மேல் 12 சதவீதம்.

* மற்றவர் ஆட்டம்: முதல் 310 கோடி வெள்ளி வரை 18 சதவீதம். அதற்கு மேல் 22 சதவீதம்.

இதைத் தவிர ஜி.எஸ்.டி. வரி தனி.

வரி உயர்வை கேசினோக்கள் சும்மா ஏற்கவில்லை. 2019-ல் ஒரு பேரம் முடிந்தது. இரண்டு நிறுவனமும் சேர்ந்து 900 கோடி வெள்ளி செலவில் வளாகங்களை விரிவாக்க வேண்டும். பதிலுக்கு, 2030 முடியும் வரை 3-வது கேசினோவுக்கு அனுமதி கிடையாது. இதன்படி மெரினா பேயில் புதுக் கோபுரத்துக்கு 2025 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. சொன்னபடி முதலீடு செய்யாவிட்டால் படிநிலைச் சலுகை போய், எல்லா வருமானத்துக்கும் மேல்மட்ட வரியே விழும்.

ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சூதாட்ட வரி அதிகபட்சம் 6.75 சதவீதம்தான். சீனாவின் மக்காவில் மற்ற பங்களிப்புகளையும் சேர்த்தால் 40 சதவீதம். சிங்கப்பூர் நடுவில் நிற்கிறது.

நுழைவுக் கட்டணம் தர்மத்துக்கு!

வரிப் பணம் அரசுக் கஜானாவுக்குப் போகிறது. ஆனால் உள்ளூர்க்காரர் வாசலில் கட்டும் 150 வெள்ளி அங்கே போவதில்லை. கேசினோவுக்கும் கிடையாது. அது 'டோட் போர்டு' என்ற அரசு வாரியத்துக்குப் போய், சமூக நலனுக்கும் தர்ம காரியங்களுக்கும் செலவாகிறது. சிங்கப்பூர் பூல்ஸ் லாட்டரி நிறுவனமும் இந்த வாரியத்துக்கே சொந்தம்.

தொடக்கத்தில் இந்தக் கட்டணம் 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி, ஆண்டுச் சீட்டு 2 ஆயிரம் வெள்ளி. 2019 ஏப்ரல் முதல் 150 வெள்ளி, 3 ஆயிரம் வெள்ளி என உயர்ந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கட்டணத்தின் நோக்கம் வருமானம் அல்ல, தடுப்பு. வாசலில் ஒரு நிமிஷம் நின்று 'இந்தக் காசு தேவையா?' என்று யோசிக்க வைக்க வேண்டும் என்பதே எண்ணம். ஆனால் கட்டணத்தைக் கட்டிவிட்டவர் 'விட்டதைப் பிடிக்காமல் போறதில்லை' என்று கூடுதலாக ஆடுவார் என்று குறை சொல்பவர்களும் உண்டு.

லாபமா, நஷ்டமா?

சுற்றுலாக் கணக்கில் லாபம் கண்கூடு. 2009-ல் சிங்கப்பூருக்கு வந்தவர்கள் சுமார் 97 லட்சம் பேர். கேசினோக்கள் திறந்த 2010-ல் அது 1 கோடியே 16 லட்சமாக ஏறியது. உலகப் பொருளாதார மந்தம் விலகியதும் இதற்கு ஒரு காரணம்.

சூதாட்டப் பழக்கத்துக்கு அடிமையானவர்கள் கூடினார்களா? அதற்கும் கணக்கு இருக்கிறது. 2005-ல் உள்ளூர் மக்களில் 4.1 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருந்ததாக ஆய்வு சொன்னது. 2011-ல் 2.6, 2014-ல் 0.7 என்று இறங்கியது. 2020-ல் 1.2 ஆக ஏறி, 2023-ல் 1.1 என்று நிற்கிறது. பயந்தபடி ஊர் கெட்டுப்போகவில்லை என்பதற்கு இதைத்தான் அரசு எடுத்துக் காட்டுகிறது.

ஆனால் இந்த ஆய்வு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளி இந்தக் கணக்கில் இல்லை. அவர் 150 வெள்ளியும் கட்டுவதில்லை, ஆய்விலும் வருவதில்லை. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் முடியுமுன்னே, மாதச் சம்பளத்தை ஒரே ராத்திரியில் தொலைத்தால் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஊரில் மணியார்டருக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

தடைப் பட்டியலில் சேருவது எப்படி?

பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் என்று ஒன்று 2005-ல் அமைக்கப்பட்டது. 'இவரை உள்ளே விடாதே' என்ற பட்டியலை நடத்துவது இந்த மன்றம்தான். பட்டியலில் 3 வழியாகப் பெயர் சேரும்.

முதல் வழி, தானே கேட்டுக்கொள்வது. 'என்னால் கட்டுப்படுத்த முடியலை, என்னைத் தடுத்துடுங்க' என்று ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளியும் இப்படிச் செய்யலாம். ஆட்டத்தில் கை நீளுகிறது என்று தோன்றும் நம்ம ஊர் ஆட்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. வாசலில் கட்டணம் என்ற வேலி அவர்களுக்கு இல்லை. இந்த வேலியைத் தாங்களே போட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

2-வது வழி, குடும்பத்தார் கேட்பது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மனு கொடுக்கலாம். இரு தரப்பையும் விசாரித்து முடிவு சொல்வார்கள்.

3-வது, தானாகவே விழும் தடை. திவாலானவர்கள், அரசு உதவிப் பணத்தில் வாழ்பவர்கள், அரசு வாடகை வீட்டுக்கு 6 மாதமாகப் பாக்கி வைத்திருப்பவர்கள் இதில் வருவார்கள்.

இப்போது ஒரே குடை

2022-ல் சிங்கப்பூர் இன்னொரு படி போனது. கேசினோவுக்கு ஒரு ஆணையம், லாட்டரிக்கு ஒரு அலுவலகம், இணைய சூதாட்டத்துக்கு ஒரு சட்டம் என்று பிரிந்து கிடந்ததை ஒன்றாகச் சேர்த்தார்கள். 2022 ஆகஸ்டு 1-ந்தேதி பழைய கேசினோ ஆணையம் 'சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம்' என்று மாறியது. எல்லா வகைச் சூதாட்டமும் இப்போது இதன் கீழ்தான். வீட்டில் சொந்தபந்தமும் நண்பர்களும் உட்கார்ந்து சீட்டாடுவது குற்றம் இல்லை என்று புதிய சட்டம் சொல்லிவிட்டது. அதையே இணையத்தில் ஆட முடியாது.

சூதாட்டத்தின் எல்லாப் பக்கமும் வளரவிடப்படவில்லை. 180 ஆண்டுப் பழமை கொண்ட குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ந்தேதியோடு சிங்கப்பூரில் முடிவுக்கு வந்தது. மைதானம் இருந்த கிராஞ்சி நிலத்தை வீடு கட்ட எடுத்துக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூர் சட்டம் தன் வீட்டுப் பிள்ளைக்கு வாசலில் வேலி போட்டது. விருந்தாளிக்கு வேலி இல்லை. உழைக்கப் போனவரையும் விருந்தாளிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. அந்த மேசையில் 37 பேர் உட்கார்ந்தாலும் மேசைக்கு 100 வெள்ளி நிச்சயம் என்ற கணக்கு, உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் ஒன்றுதான்.